ரேங்க் கார்டில் கையெழுத்து



இந்த அறக்கட்டளையை நிறுவிய அம்மையார் தொடக்கப் பள்ளி ஆசிரியராக இருந்தவர். ஓய்வூதியத்தில் மிச்சம் பிடித்ததை வைப்பு நிதியாகப் போட்டு, ஆண்டுக்கொரு முறை பள்ளிக் கல்வியைப் பற்றி யாராவது பேச வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறார். பாடத்திட்டம், தேர்வு முறை, மொழிக் கொள்கை பற்றிப் பேச நம்மிடம் ஆளுக்குப் பஞ்சமில்லை. நான் குழந்தைகள் இல்லங்களில் வளரும் பிள்ளைகளின் படிப்பை எடுத்துக்கொள்கிறேன். அரசு உயர்நிலைப் பள்ளியில் நான் தலைமையாசிரியராக இருந்தபோது அடுத்த தெருவிலேயே ஓர் இல்லம் இருந்தது. அங்கிருந்து வரிசையாக நடந்து வரும் பிள்ளைகளைப் பள்ளிப் பக்கமிருந்து பார்த்தேன். ஓய்வு பெற்றபின் குழந்தைகள் நலக் குழுவில் ஒரு பதவிக் காலம் உறுப்பினராக இருந்து, அப்படிப்பட்ட பிள்ளைகளைக் கோப்புகளின் வழியாகப் பார்த்தேன். இரண்டையும் பார்த்ததில் எனக்கு ஒன்று உறுதியாகிவிட்டது. இவர்களுக்குச் சோறு போட ஆள் உண்டு, துணிமணி வாங்கித் தர ஆள் உண்டு, டியூஷன் எடுக்கக்கூட ஆள் உண்டு. ‘போன பரீட்சையில் அறுபது வாங்கினாயே, இப்போது ஏன் முப்பத்தெட்டு?’ என்று கேட்பதைத் தன் பொறுப்பாக நினைக்கிற ஆள்தான் இல்லை.

காலாண்டுத் தேர்வு முடிந்து ரேங்க் கார்டு கொடுத்தனுப்புவோம். மற்றப் பிள்ளைகளின் கார்டு பல விதமாகத் திரும்பி வரும். அப்பாவின் கையெழுத்தோடு வரும், பாட்டியின் கைநாட்டோடு வரும், பிள்ளையே போட்ட கள்ளக் கையெழுத்தோடும் வரும். கள்ளக் கையெழுத்தைக்கூட நான் நல்ல அறிகுறியாகத்தான் எடுத்துக்கொள்வேன். வீட்டில் திட்டுவதற்கு ஆள் இருக்கிறது என்று அர்த்தம். இல்லத்துப் பிள்ளைகளின் கார்டுகள் மட்டும் ரப்பர் பேண்டு போட்ட கட்டாக, மறுநாள் காலையிலேயே வந்துவிடும். எல்லாவற்றிலும் ஒரே கையெழுத்து, கீழே ஒரே முத்திரை. ஒரு முறை வேறு வேலையாக இல்லத்துக்குப் போனபோது கண்காணிப்பாளர் கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்தார். உதவியாளர் ஒவ்வொரு கார்டையும் கையெழுத்துப் போட வேண்டிய பக்கத்தில் விரித்து நீட்டுகிறார், அவர் போடுகிறார். மதிப்பெண் இருக்கும் பக்கம் திறக்கப்படவே இல்லை. அவரைக் குறை சொல்ல மாட்டேன். அன்று காலையில்தான் ஒரு பையன் சுவரேறிக் குதித்து ஓடியிருந்தான். காவல் நிலையத்துக்கும் சமையல்கட்டுக்கும் நடுவே அவர் அலைந்துகொண்டிருந்தார். ஐம்பது அறுபது பிள்ளைகளுக்கு ஒருவர் எப்படித் தகப்பனாக முடியும்?

யார் இந்தப் பிள்ளைகள்? அநாதைகள் என்று பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ இருக்கிறார். தகப்பன் குடித்துச் செத்திருப்பான், அல்லது வேறொரு குடும்பத்தோடு போயிருப்பான். தாய் செங்கல் சூளையிலோ கட்டட வேலையிலோ இருப்பாள். 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டப்படி, பராமரிப்பும் பாதுகாப்பும் தேவைப்படும் குழந்தையை 24 மணி நேரத்துக்குள் குழந்தைகள் நலக் குழுவின் முன் கொண்டுவர வேண்டும். ஒரு தலைவர், நான்கு உறுப்பினர்கள். முதல் வகுப்பு நீதித்துறை நடுவர் அமர்வின் அதிகாரம் அவர்கள் உட்காரும் மேசைக்கு உண்டு. நாடு முழுவதும் எடுத்த கணக்கெடுப்பு ஒன்றின் அறிக்கை 2018-இல் வெளிவந்தது. அதில் பதிவான இல்லங்களும் காப்பகங்களும் 9,589. பத்தில் ஒன்பதுக்கு மேல் தனியார் தொண்டு நிறுவனங்கள் நடத்துபவை. எண்ணிக்கையில் முன்வரிசையில் நிற்கும் மாநிலங்களில் தமிழ்நாடும் ஒன்று.

எங்கள் மேசைக்கு முன் வந்து நின்ற தாய்மார்களில் பாதிப் பேர் சொன்னது ஒரே வாக்கியம்: “படிக்கணும்மா, அதுக்காகத்தான் கொண்டாந்தேன். இல்லத்துல போட்டுடுங்க.” அடித்தார்கள், துரத்தினார்கள் என்பதெல்லாம் அடுத்ததுதான். வேலை தேடி ஊர் ஊராகப் போகும் தாய்க்குப் பிள்ளை ஒரே பள்ளிக்கூடத்தில் பத்து மாதம் உட்கார வேண்டும். அதற்கு அவளுக்குத் தெரிந்த ஒரே வழி இல்லம். அதாவது, படிப்புக்காகக் குடும்பத்தையே விலையாகக் கொடுக்கிறாள். பிள்ளையைத் தாயிடமே விட்டு மாதம் 4,000 ரூபாய் கொடுக்க ‘மிஷன் வாத்சல்யா’ திட்டத்தில் நிதி ஆதரவு என்று ஓர் ஏற்பாடு இருக்கிறது. ஆண்டு வருமானம் கிராமத்தில் 72,000, நகரத்தில் 96,000 ரூபாய்க்கு மேல் போகக் கூடாது. தமிழ்நாடு அரசு 2025 செப்டம்பரில் தொடங்கிய ‘அன்புக் கரங்கள்’ திட்டத்தில், பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைக்கும், ஒருவரை இழந்து மற்றவரால் பராமரிக்க முடியாத பிள்ளைக்கும் 18 வயது வரை மாதம் 2,000 ரூபாய் கிடைக்கிறது. இவற்றை நான் முழு மனதோடு வரவேற்கிறேன். ஆனால் எங்களிடம் வந்த தாய்மாரில் பலருக்கு, இல்லத்தின் வாசலுக்கு வந்தபிறகுதான் இப்படி ஒரு பணம் உண்டு என்றே தெரிந்தது.

குடும்பம் இருந்தும் பிள்ளைகள் இல்லத்தில் இருப்பது கொரோனாக் காலத்தில் பெரிய அளவில் அம்பலமானது. தொற்றுக்கு அஞ்சி இல்லங்களிலிருந்து பிள்ளைகளை வீட்டுக்கு அனுப்பினார்கள். நாடு முழுவதும் இல்லங்களில் இருந்த சுமார் 2.27 இலட்சம் பேரில் 1.45 இலட்சம் பேர் குடும்பங்களுக்குத் திரும்பிவிட்டதாக உச்ச நீதிமன்றத்துக்குக் கணக்கு வந்தது. பத்தில் ஆறு பேருக்குப் போக ஒரு வீடு இருந்திருக்கிறது! 2020 டிசம்பரில் நீதிமன்றம், வீடு திரும்பிய பிள்ளைகளின் படிப்புக்காக மாதம் 2,000 ரூபாய் கொடுக்கச் சொன்னது. வீடு இருந்தும் அவர்கள் ஏன் இல்லத்தில் இருந்தார்கள் என்ற கேள்வி மட்டும் பள்ளிகள் திறந்ததும் அமுங்கிப்போனது.

சரி, இல்லத்துக்கு வந்துவிட்ட பிள்ளையைப் பார்ப்போம். பிள்ளைகள் ஜூன் மாதம் பார்த்து வருவதில்லை. ரயில் நிலையத்தில் மீட்டால் அக்டோபரில் வரும், தாய் மருத்துவமனையில் சேர்ந்தால் ஜனவரியில் வரும். கல்வி உரிமைச் சட்டம் 2009 தெளிவாகத்தான் இருக்கிறது: மாற்றுச் சான்றிதழ் வரவில்லை என்றோ வயதுச் சான்று இல்லை என்றோ சேர்க்கையை மறுக்கக் கூடாது. ஆனால் நடப்பில் இருப்பது எமிஸ் என்ற மாணவர் கணினிப் பதிவு. ஒவ்வொரு மாணவருக்கும் அதில் ஓர் எண் உண்டு. பழைய பள்ளி தன் பட்டியலிலிருந்து பிள்ளையை விடுவித்துப் பொதுத் தொகுப்பில் போட்டால்தான் புதிய பள்ளி எடுத்துக்கொள்ள முடியும். வேறு மாவட்டத்திலிருந்து எங்கள் பள்ளிக்கு ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி வந்தாள். பழைய பள்ளிக்குத் தொலைபேசியில் கேட்டால், “அம்மா வந்து எழுதிக் கொடுக்கட்டும் டீச்சர்” என்றார்கள். தாயைத் தேடித்தான் குழுவே ஆள் அனுப்பிக்கொண்டிருந்தது. அதுவரை அவள் வகுப்பில் உட்கார்ந்திருந்தாள், பதிவேட்டில் இல்லை. பாடநூல், நோட்டு, சீருடை எல்லாம் எமிஸ் கணக்குப்படி வருபவை. பக்கத்துப் பெண்ணின் புத்தகத்தை எட்டிப் பார்த்தே அரையாண்டுத் தேர்வு வரைக்கும் வந்துவிட்டாள். சட்டத்தை மீறியதாக யாரையும் கைகாட்ட முடியாது. பிள்ளையைச் சேர்க்க மறுக்கவில்லையே!

வயதுக்கேற்ற வகுப்பு என்பதும் அப்படித்தான். பதின்மூன்று வயதுப் பையன் எட்டாம் வகுப்பில் உட்கார வேண்டும், விட்டுப்போனதை ஈடுகட்டச் சிறப்புப் பயிற்சி கொடுக்க வேண்டும் என்று சட்டத்தின் நான்காம் பிரிவு சொல்கிறது. முதல் பாதி உடனே நடந்துவிடும். இரண்டாம் பாதிக்கு ஆள் வர வேண்டும், மையம் நடக்க வேண்டும், பிள்ளையை அழைத்துப் போக ஒருவர் வேண்டும். எழுத்துக் கூட்டிப் படிக்கும் பையன் எட்டாம் வகுப்பின் கடைசி பெஞ்சில் யாருக்கும் தொந்தரவில்லாமல் இருந்து, ஒன்பதாம் வகுப்பு பாதியில் காணாமல் போவான். கேட்டால், இல்லத்துக்காரர்கள் தொழிற்பயிற்சிக்கு அனுப்பிவிட்டார்கள் என்பார்கள்.

இல்லத்துக்குள் படிப்பு எப்படி நடக்கிறது? மாலை ஆறு மணிக்கு மணியடித்தால் படிப்பு நேரம். ஒரே கூடத்தில் மூன்றாம் வகுப்பும் பத்தாம் வகுப்பும் பாயில் உட்காரும். ஒரு டியூஷன் மாஸ்டர் நடுவில் நடப்பார். இதற்கு மேல் ஞாயிற்றுக்கிழமை விருந்தாளிகள். நம் ஊரில் பிறந்தநாள், திருமண நாள், திதி எல்லாவற்றுக்கும் இல்லத்தில் சாப்பாடு போடுகிற நல்ல வழக்கம் இருக்கிறது. நானும் போட்டிருக்கிறேன். சாப்பாடு போடுபவர் நேரில் வந்து பரிமாற ஆசைப்படுவார். பிள்ளைகள் காத்திருக்க வேண்டும், வாழ்த்துப் பாட வேண்டும், படம் எடுத்துக்கொள்ள வேண்டும். மார்ச் மாதம் பத்தாம் வகுப்புப் பொதுத்தேர்வு நடக்கும்போதும் பிறந்தநாள்கள் வரத்தானே செய்யும்? மறுநாள் அறிவியல் தேர்வு என்று ஒரு பெண் எழுந்து உள்ளே போனால், நன்றி கெட்டவள் என்ற பெயர் அவளுக்கு.

பள்ளியிலும் நாங்கள் சும்மா இருந்ததில்லை. யாரோ நோட்டுப் புத்தகம் கொடுக்க வந்தால், காலை வழிபாட்டில் மைக்கிலேயே ‘ஹோம் பசங்க எல்லாம் இந்தப் பக்கம் வாங்க’ என்று கூப்பிடுகிற ஆசிரியர்களை எல்லா ஊரிலும் பார்க்கலாம். இருநூறு பேர் பார்க்க வரிசையை விட்டு வெளியே வர வேண்டும். அந்த நோட்டு வேண்டாம் என்று நின்ற இடத்திலேயே நின்ற பிள்ளைகள் உண்டு.

இந்த நாட்டில் இப்படிப்பட்ட பிள்ளைகளின் படிப்பைப் பற்றிச் சரியாக யோசித்தவர்களும் இருந்திருக்கிறார்கள். புதுக்கோட்டை மகாராஜா கல்லூரியில் ஆண்களோடு படிக்க இடம் பெற்ற முதல் பெண், 1912-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்றவர், சட்டமன்றத்தில் தேவதாசி முறைக்கு எதிராக வாதாடியவர் என்று முத்துலட்சுமி ரெட்டியைப் பற்றி நாம் சொல்லிக்கொண்டே இருக்கிறோம். ஒளவை இல்லத்தைப் பற்றி ஒரு வரியோடு முடித்துக்கொள்கிறோம். 1930-இல் தேவதாசிக் குடும்பத்துப் பெண் பிள்ளைகள் அடைக்கலம் கேட்டு அவர் வீட்டுக்கு வந்தார்கள். அன்றைய விடுதிகள் சாதி பார்த்துச் சேர்த்தவை. இவர்களைச் சேர்க்கத் தயாராக இல்லை. தன் வீட்டிலேயே இடம் கொடுத்து அவர் தொடங்கியதுதான் பிறகு அடையாற்றில் வளர்ந்த ஒளவை இல்லம். தங்க இடம் கொடுத்ததோடு அவர் நிற்கவில்லை. பள்ளியும், பின்னால் ஆசிரியர் பயிற்சியும் அங்கேயே வந்தன. இந்தப் பெண் எதிர்காலத்தில் தன் காலில் நிற்க என்ன படிக்க வேண்டும் என்று பின்னோக்கிக் கணக்குப் போட்டுப் பார்த்த ஒருவர் அங்கே இருந்தார் என்பதுதான் என் கண்ணில் படுகிறது. அவர் மருத்துவர், சட்டமன்றத் துணைத் தலைவராக இருந்தவர், இரு பிள்ளைகளின் தாய். தன் பிள்ளைகளுக்குப் போட்ட கணக்கை இவர்களுக்கும் போட்டார்.

இல்லத்துக்குள்ளேயே பள்ளி இருப்பது நல்லதா என்று கேட்பீர்கள். அன்றைக்கு வேறு வழியில்லை. வெளியே எந்தப் பள்ளி சேர்த்திருக்கும்? இன்றைக்கு நான் வெளிப் பள்ளியைத்தான் சொல்வேன். காலையில் வாசலைத் தாண்டி நடந்து போய், இல்லத்துக்குச் சம்பந்தமில்லாத நாலு பேரோடு சண்டை போட்டுவிட்டு வருவதே பிள்ளைக்குப் பாதிப் படிப்பு. இன்னொரு காரணமும் இருக்கிறது. மருத்துவச் சேர்க்கையில் 2020-இல் வந்த 7.5 விழுக்காடு உள் ஒதுக்கீடு அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பிலிருந்து படித்தவர்களுக்கு. இல்லங்களோடு சேர்ந்த பழைய பள்ளிகளில் பல அரசு உதவி பெறும் பள்ளிகள். அவை அந்தக் கணக்கில் வராது. ஆறாம் வகுப்பில் எந்தப் பள்ளி என்று முடிவு செய்கிறவர் இதை யோசித்தாரா? யோசிப்பது யார் வேலை?

சான்றிதழ்களும் அப்படித்தான். தமிழ்நாட்டின் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் ஆதரவற்ற குழந்தைகளுக்கென்று ஒரு பதிவு இருப்பது உங்களில் எத்தனை பேருக்குத் தெரியும்? பத்து வயதுக்கு முன் பெற்றோரை இழந்து, சட்டப்படியோ வழக்கப்படியோ கவனிக்க வேறு யாரும் இல்லாமல், அரசு நடத்தும் அல்லது அரசு அங்கீகரித்த பள்ளியிலோ இல்லத்திலோ சேர்ந்த பிள்ளைக்கு அந்தச் சான்று கிடைக்கும். மனிதாபிமானம் உள்ள விதி. ஆனால் இல்லத்தில் இருப்பவர்களில் பெரும்பாலோருக்குத் தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார் என்றேனே, அவர்கள் இதில் அடங்க மாட்டார்கள். தகப்பனின் சாதிச் சான்று வேண்டும் என்றால் தகப்பன் எங்கே? பிளஸ் டூ முடிவு வந்த பிறகுதான் இந்தத் தேடல் தொடங்கும். கலந்தாய்வு அதற்காகக் காத்திருக்காது.

பிள்ளையின் வாழ்க்கை உண்மையில் தீர்மானமாவது பதினோராம் வகுப்பில் குரூப் எடுக்கும் ஒரு வாரத்தில். மற்ற வீடுகளில் அந்த வாரம் எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும்: மாமா ஒன்று சொல்வார், பக்கத்து வீட்டு இன்ஜினியர் ஒன்று சொல்வார், தாய் அழுவாள், பிள்ளை அடம் பிடிக்கும். இல்லத்தில் ஒரு சத்தமும் இருக்காது. பையன் என்றால் ஐடிஐ அல்லது பாலிடெக்னிக், பெண் என்றால் நர்சிங். ஐடிஐயைத் தாழ்வாகச் சொல்ல எனக்கு வாய் வராது. என்னிடம் படித்து ஃபிட்டரான பையன்தான் இன்று எங்கள் தெருவிலேயே நல்ல வீடு கட்டியிருக்கிறான். என் வருத்தம் வேறு. 18 வயதில் இல்லத்தை விட்டுப் போக வேண்டும் என்பதை வைத்துப் படிப்பைத் தேர்ந்தெடுக்கிறார்கள். சட்டத்தில் பிற்காப்பு என்ற ஏற்பாடு இருக்கிறது. 21 வரை, தேவைப்பட்டால் 23 வரை தாங்கிப் பிடிக்கலாம். மாதம் 4,000 ரூபாய் கொடுக்கவும் வழி இருக்கிறது. அந்த வயது வரை பட்டப்படிப்பே முடிக்கலாம். இதைப் பதினைந்து வயதில் அந்தப் பிள்ளையிடம் உட்கார்ந்து சொன்னால் அது கேட்கும் படிப்பே வேறாக இருக்கும். 17 முடிந்தபிறகு சொல்கிறோம்.

இப்படி உட்கார்ந்து யோசிக்க ஆள் இல்லாத குறைக்கு இங்கிலாந்தில் ஒரு வழி கண்டிருக்கிறார்கள். அங்கே அரசின் பராமரிப்பில் உள்ள பிள்ளைக்கு உள்ளாட்சி மன்றமே பெற்றோர். 2014-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்றின்படி, ஒவ்வொரு மன்றமும் அந்தப் பிள்ளைகளின் படிப்புக்கு மட்டும் பொறுப்பான ஓர் அலுவலரை நியமித்தாக வேண்டும். ‘மெய்நிகர் பள்ளித் தலைவர்’ என்று அவருக்குப் பெயர். கட்டடமும் மணியும் கிடையாது. தன் மன்றத்தின் பிள்ளைகள் எந்த ஊரில் எந்தப் பள்ளியில் இருந்தாலும் ஒரே பள்ளியின் மாணவர்களைப் போல அவர்களின் வருகையையும் மதிப்பெண்ணையும் அவர் பார்ப்பார். பிள்ளைக்கொரு தனிக் கல்வித் திட்டம் இருக்கும், பருவத்துக்கு ஒரு முறை அதைத் திருத்துவார்கள். பள்ளிச் சேர்க்கையில் இவர்களுக்கே முதலிடம். தலைக்கு ஆண்டுதோறும் 2,500 பவுண்டுக்கு மேல் கூடுதல் நிதி வருகிறது. எதற்குச் செலவாகிறது என்பதை அந்த அலுவலரே பார்க்கிறார். அற்புதம் நடந்துவிடவில்லை. மற்றப் பிள்ளைகளுக்கும் இவர்களுக்கும் தேர்வு முடிவில் இடைவெளி அங்கே இன்னும் பெரிதுதான். ஆனால் இடைவெளி எவ்வளவு என்று ஆண்டுதோறும் அச்சிட்டுச் சொல்கிறார்கள். பதில் சொல்ல ஒருவர் பெயரும் இருக்கிறது.

நம் மாவட்டக் குழந்தைகள் பாதுகாப்பு அலகில் யார் யார் இருக்கிறார்கள் என்று பாருங்கள். பாதுகாப்பு அலுவலர்கள், சட்டத்துக்கு ஒருவர், ஆற்றுப்படுத்துநர், சமூகப் பணியாளர்கள், கணக்காளர். கல்விக்கு ஒருவரும் இல்லை. கல்வித் துறையில் ஆள் இருக்கிறார்கள்; அவர்களுக்கு இந்தப் பிள்ளைகள் யாரென்று தெரியாது. பள்ளி மேலாண்மைக் குழுவில் முக்கால்வாசி இடம் பெற்றோருக்கு. இல்லத்துப் பிள்ளையின் சார்பில் அங்கே எழுந்து பேசிய ஒருவரை நான் பார்த்ததில்லை. வட்டாரக் கல்வி அலுவலர் நிலையில் ஒருவரை மாவட்டத்துக்கு ஒருவராகப் பாதுகாப்பு அலகுக்கு அயற்பணியில் அனுப்ப வேண்டும் என்பது என் கோரிக்கை. எமிஸ் அவர் கையில் இருந்தால், பொதுத் தொகுப்பில் மாட்டிய பிள்ளையை ஒரே நாளில் எடுத்துவிடுவார். ஒன்றில் மட்டும் எச்சரிக்கை வேண்டும்: யார் இல்லத்துப் பிள்ளை என்ற அடையாளம் வகுப்பாசிரியரின் திரையில் வரக் கூடாது. வந்தால் மறுநாளே மைக்கில் வந்துவிடும்.

பிள்ளைக்கொரு திட்டம் நம்மிடமும் காகிதத்தில் இருக்கிறது. மாமல்லபுரம் பகுதி இல்லங்கள் குறித்த செய்தியிலிருந்து 2007-இல் தொடங்கிய வழக்கில், 2017 மே மாதம் உச்ச நீதிமன்றம் ஒவ்வொரு பிள்ளைக்கும் தனிப் பராமரிப்புத் திட்டம் கட்டாயம் என்றது. விதிகளில் அதற்குப் படிவம் 7 இருக்கிறது. குழுவில் இருந்தபோது நான் பார்த்த படிவங்களில், கல்வித் தேவை என்ற இடத்தில் பெரும்பாலும் ஒரே கையெழுத்தில் ஒரே வரி இருக்கும்: ‘தொடர்ந்து படிக்க வைக்கப்படும்.’ நீதிமன்றத்துக்குக் கணக்குக் காட்ட அது போதும்.

இங்கே சமூகப் பணி படிக்கும் மாணவர்கள் களப்பணிக்கு இல்லங்களுக்குத்தான் வருகிறீர்கள். பெரும்பாலும் விளையாட்டு நடத்துகிறீர்கள், சுவரில் படம் வரைகிறீர்கள். அதை விட வேண்டாம். கண்காணிப்பாளரிடம் அனுமதி கேட்டு, ஆளுக்கு ஐந்து பிள்ளைகளின் படிவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். கடைசியாகப் படித்த பள்ளி எது, எமிஸ் எண் மாறியதா, எந்த வகுப்பில் எத்தனை மாதம் விட்டுப்போனது, தமிழை வாசிக்கத் தெரியுமா, வகுத்தல் போடத் தெரியுமா, சாதிச் சான்று யாரிடம் இருக்கிறது, 18 எந்தத் தேதியில் முடிகிறது, அப்போது எந்த வகுப்பில் இருப்பான் என்று பாருங்கள். பிள்ளையிடமே என்ன படிக்க ஆசை என்று கேளுங்கள். முதல் நாள் கேட்டால் போலீஸ் அல்லது டாக்டர் என்றுதான் வரும், மூன்றாம் வாரம் மறுபடி கேளுங்கள். அந்த ஒற்றை வரிக்குக் கீழே இதையெல்லாம் எழுதி, கண்காணிப்பாளரிடம் ஒரு நகலும் குழுவிடம் ஒரு நகலும் கொடுங்கள். மே மாதத்துக்குள் கொடுத்தால் நல்லது. ஜூனில் பள்ளி திறந்துவிடும்.